பசுவுக்கு நார்மல்

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்.
நீடாமங்கலத்து நாய்கள் லாரிக்கு அடியில்
லாரியின் நிழலாகவே ஆகிவிட்ட மதியம்.
பழைய மாருதி எண்ணூறை என் கடைமுன் நிறுத்தி
"சீட்டுக்குச் சூடு வைக்கணும்" என்றார்
கால்நடை டாக்டர் தையல்நாயகி.

டீக்கடை சிரித்தது. நானும்தான்.
"கண்ணாடியை ஏத்தி வெயில்ல விடுங்க மேடம்,
காசே வேணாம்."
அவர் சிரிக்கவில்லை.
சிரித்தால் இடுப்பில் பிடிக்கும் என்று பிறகு சொன்னார்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஓர் எருமை உதைத்த இடம்.
மார்கழிப் பனியில், ஈன முடியாத மாட்டுக்காக
வாய்க்கால் கரையோடு போகும்போதெல்லாம்
அது மறுபடி உதைக்குமாம்.
எருமை செத்து ஆறு வருஷம்.

பெட்டிக்குள் கரிநார் பின்னிய நாலு தகடு,
இரண்டு இருக்கைக்கு.
"பக்கத்து சீட்டுக்கு வேணாம்."
ஏன் என்று எட்டிப் பார்த்தேன்.
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது சினை ஊசிக் குடுவை,
உள்ளே திரவ நைட்ரஜன்,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.

குஷன் வேலைக்கு ஷெரீப்பைக் கூப்பிட்டேன்.
ரெக்ஸினைப் பிரித்தான்.
நுரைக்குள் கொஞ்சம் நெல், ஒரு தோட்டுத் திருகாணி,
எழுத்து அழிந்த பஸ் டிக்கெட்,
முந்தைய முதலாளி யாரோ.
"டாக்டர் பேர்லயே தையல் இருக்கு,
நான் எதுக்கு?" என்றான்
நூலைப் பல்லில் கடித்தபடி.

பதினைந்து ஆம்ப் ஃப்யூஸ். ஒரு ரிலே.
சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒயர்,
கார்ப்பெட்டுக்கு அடியில்.
இருக்கை முன்னும் பின்னும் நகரும்,
ஒரு சாண் தொய்வு விட வேண்டும்.
இதில் தத்துவம் ஒன்றுமில்லை,
விடாவிட்டால் தகரம் அறுத்துவிடும்.

புங்க மரத்தடியில் நிறுத்தி
உட்கார்ந்து பார்த்தேன்.
எது என் சுவிட்சின் சூடு, எது ஊரின் சூடு
என்று என் முதுகுக்குப் பிடிபடவில்லை.
டாக்டர் பையிலிருந்து மாட்டுத் தெர்மாமீட்டரை எடுத்து
மடிப்பில் செருகினார்.
நூற்றியொன்றரை.
"பசுவுக்கு இதுதான் நார்மல்" என்று
அன்று ஒரே தடவை சிரித்தார்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

மார்கழி பிறந்ததும் வந்து நின்றார்.
"சூடு போட்டா வெளிச்சம் மங்குது."
கிழட்டு ஆல்டர்னேட்டர் மேடம்,
மெதுவாப் போனா ரெண்டு பேருக்குச் சோறு போடாது,
பெரிசா மாத்தினா ஒன்பதாயிரம்.
கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்தார்.
"கரைமேல வெளிச்சம் வேணும்.
சூட்டை ரயில்வே கேட்ல போட்டுக்கறேன்."

எங்கள் ஊர் கேட்டைப் பற்றி
காத்திருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன வியாழன், விடிய நாலரை.
கேட்டில் முதல் வண்டி அவருடையது,
அதன் பின்னால் என் மொபெட்,
என் பின்னால் மன்னார்குடி பஸ்.
மாருதியின் முகப்பு விளக்குகள் அணைந்திருந்தன.
கண்ணாடிக்கு உள்ளே, கைபிரேக் ஓரம்,
மிளகாய் விதையளவு சிவப்பு:
நான் துளையிட்டு வைத்த புள்ளி.
தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தார்.
சட்டைக் கை தோள்வரை ஈரம்,
எங்கோ ஒரு கன்று பிறந்திருக்கிறது,
அல்லது பிறக்கவில்லை.

நெல் ஏற்றிய வேகன்கள், நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்.
கேட் தூக்கியது.
அவர் அசையவில்லை.
பஸ் ஒருமுறை அலறியது.
மறுமுறை அலறுமுன்
மொபெட்டைக் குறுக்கே திருப்பி நிறுத்தி
ப்ளக்கைக் கழற்றுபவன்போல் குனிந்தேன்.

நல்ல ப்ளக். நேற்றுத்தான் மாற்றியது.
பஸ் டிரைவர் ஜன்னல் வழியே
என் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கினார்.
ஒரு நிமிஷம்ணே, என்றேன்,
கரண்ட் வரலை.