அசையாமல் நில், ஃபெர்மின்

நாற்பதாம் நெடுஞ்சாலையில்
அடுத்த ஊருக்கு இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர் என்று
பலகை சொல்லும் இடத்தில்
ஒரு பெட்ரோல் பங்க்.
கூரைக்கடியில் பதினாறு வெள்ளை விளக்குகள்.
அதைத் தாண்டினால் படகோனியா,
அதாவது ஒன்றுமில்லை,
காற்றைத் தவிர.

மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் காலண்டருக்கு
ஜூலை மாதப் படம் என் பொறுப்பு.
விளக்கும் தெரிய வேண்டும், விண்மீனும் தெரிய வேண்டும்
என்றார் செயலாளர் இரிபார்னே.
அவர் கேட்டது கண்ணாலேயே ஆகாதது.
விளக்கைப் பார்த்த கண்
இருட்டோடு பேச்சு வார்த்தைக்கு வர
இருபது நிமிடம் பிகு பண்ணும்.
காமிரா இன்னும் மோசம்,
ஒன்றைக் கொடுத்தால் மற்றதைத் தின்றுவிடும்.

ஆகவே ஐந்து படம்.
ஒரே இடம், ஒரே ட்ரைபாட்,
அதன் கொக்கியில் தொங்கும் பையில்
காற்றுக்கு லஞ்சமாக நான்கு ஆற்றுக் கற்கள்.
"அசையாமல் நில், ஃபெர்மின்."
"எவ்வளவு நேரம்?"
"எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது."
"அதற்குள் விறைத்துப் போவேன், பரவாயில்லையா?"
மூன்றாம் பம்ப் அருகே போய் நின்றான்.

அறுபதில் ஒரு பங்கு நொடி.
விளக்குகள் மட்டும், பதினாறும் தனித்தனியே.
ஒன்றின் மேல் ஓர் அந்துப்பூச்சி,
கால்களை எண்ணிவிடலாம்.
மிச்ச உலகம் கரி.

எட்டில் ஒரு பங்கு.
லிட்டர் விலை வந்தது,
ஃபெர்மினின் தொப்பி விளிம்பு வந்தது.

ஒரு நொடி. முகம்.
காமிராவைப் பார்க்கவில்லை அவன்,
தெற்கே, சாலை வருகிற பக்கம்.

எட்டு நொடியில் தரை எழுந்தது,
முள்புதர், வேலிக்கம்பி,
கம்பியில் சிக்கிய நீலப் பிளாஸ்டிக் பை,
கூடவே ஒரு லாரி.
நில் என்று நான் கத்தியதைக்
காற்று கிழக்கே கொண்டுபோனது.
அவன் டீசல் போடப் போனான்.

முப்பது நொடி.
தென்சிலுவை, மெகல்லன் மேகங்கள் இரண்டும்,
பெயர் தெரியாத பொடிகள் எல்லாம்.
கூரைக்குக் கீழே ஒரு வெள்ளைப் புண்.
ஃபெர்மின் எங்கும் இல்லை,
அவன் உடுப்பின் மின்னும் பட்டை இழுத்த
ஒரு கோணல் கோடு தவிர.

வீட்டில் மாத்தே ஆறும்வரை
ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
கறுத்ததிலிருந்து விளக்கை எடு,
வெளுத்ததிலிருந்து வானத்தை.
மென்பொருள் கேட்டது:
பேய்களை நீக்கவா?
ஒரு படத்தில் இருந்து
அடுத்ததில் இல்லாதவர்களை
அது அப்படித்தான் அழைக்கும்.

நீக்கு என்றேன்.
டீசல் குழாய்
யாருமில்லாத கையில் தொங்கியது.
வேண்டாம் என்றேன்.
திரும்பி வந்தான் ஃபெர்மின்,
மார்பின் வழியே லிட்டர் விலை தெரிய.

அச்சிட்டு எடுத்துப் போனேன்.
அவன் தன்னைத் தேடவே இல்லை.
பதினோரு வருடம் இந்த விளக்குகளின் அடியில்.
வானம் என்பது
டயர்க்கொட்டகைக்குப் பின்னால் மூத்திரம் பெய்யப் போகும்போது,
அதுவும் கண் தெளிகிற நேரம் காரியம் முடிந்துவிடும்.
கொட்டகைக்கு மேலே ஒரு மங்கல் புள்ளியில் விரல் வைத்தான்.
"இவன் எனக்குத் தெரிந்தவன்."
பிறகு,
"நான் ரசீது கிழிக்கும்போதும் இருக்கிறானா, இங்கேயே?"
இருக்கிறான் என்றேன்.
தலையை வெளியே நீட்டிக் கூரையைப் பார்த்தான்,
கண் கூசி உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்புறம்தான் மார்பைக் கவனித்தான்.
"அது பழைய விலை" என்றான்.

இரிபார்னே படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.
ஜூலைக்கு அணைக்கட்டு, நல்ல வெயிலில் எடுத்தது.
என் படம் பங்கில் இருக்கிறது,
எஞ்சின் ஆயில் டப்பாக்களுக்கு மேலே,
ஒரு மூலை சுருண்டு.

ஐந்தில் முதலாவதை மட்டும்
இன்னும் அழிக்கவில்லை நான்.
கூட்டும்போது எங்கோ உதிர்ந்த
அந்த அந்துப்பூச்சி
அதில்தான் உட்கார்ந்திருக்கிறது,
ஆறு காலோடு.