கால்வார்

மூன்று கத்திகளோடு கீழக்கரை வந்து இறங்கினேன்.

மான்கொம்புப் பிடி, வெள்ளிப் பூண்,
அரபி கொடுத்தது.
மச்சான் கச்சி மரைக்கான் கேட்கிறான்
கடையில் மாட்டிவைக்க.

மடக்குக் கத்தியில்
பல்குத்தி வரை உண்டு;
முயல் உரிக்கத்தான் ஆகாது.

எனக்கு அந்த விரல்நீளக் கத்தி.
காடை நெஞ்சைக் கீறிக் கீறி
வல்லூறுக்கு ஊட்டியது.
பதினோரு வருஷம் தீட்டியதில்
பாதிதான் மிச்சம்.
ஒரு சுபுஹு நேரம்
அதன் கால்வாரையும் இதுதான் அறுத்தது.
கை தவறிவிட்டது என்றேன்.
மறுநாளே டிக்கெட் போட்டார்கள்.

இப்போது மர்ஜான் இதில்
கணவாய் ஆய்கிறாள்.

கொல்லைக்கு மேலே செம்பருந்து.
என் இடது மணிக்கட்டு தானாக எழுகிறது.

"அதுக்குக் குடலு போதும்,
நீங்க கைய எறக்குங்க."