ஓட்டில் எழுதிய முகவரி

ஞாயிறு காலை ஆறு ஐம்பது பேருந்து,
தேஜோனிலிருந்து வடக்கே.
கையில் கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோறு.
உறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்.
அந்த வரிசையில் பிரித்தால் பாசி கிழியாது.
இதைக் கற்றுக்கொள்ள எனக்கு
ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

போன வாரம் ஒரு மலை,
அதற்கு முந்திய வாரம் வேறொரு மலை.
யாரோடு போகிறாய் என்று ஆய்வகத்தில் கேட்டால்
பேருந்தோடு என்பேன்.
சிரிப்பதா வேண்டாமா என்று
ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அறுநூறு மீட்டர் மலைதான்.
இமயத்துக்குக் கிளம்பியவர்களைப் போல ஏறுகிறார்கள்,
இரண்டு கையிலும் தடி,
முகத்தை மூடும் தொப்பி,
இடுப்பில் தொங்கும் எஃகுக் குவளை.
நடுவில் நான், துணிச் சப்பாத்தில்.

பாறையில் மூச்சுவாங்க உட்கார்ந்தபோது
பக்கத்திலிருந்தவள் ஒரு வெள்ளரியை ஒடித்து
பாதியை என் கையில் திணித்தாள்.
பெயர் கேட்கவில்லை, வயது கேட்டாள்.
முப்பத்துநான்கு என்றேன்.
கல்யாணம்?
இல்லை.
மறுபாதியையும் தந்துவிட்டாள்.

குகைக்குள்
மஞ்சள் தலைக்கவசம், இரும்புப் படி,
நான்கு மொழியில் பேசும் ஒலிபெருக்கி.
சொட்டிச் சொட்டி வளர்ந்த சுண்ணாம்பு
நூறு வருஷத்துக்கு ஒரு விரற்கடைகூட
வளராதாம்.
என் ஒப்பந்தம் பதினொரு மாதம்.
கணக்குப் போட்டுக்கொண்டே குனிய மறந்தேன்.

கவசத்தில் பாறை மோதிய சத்தத்துக்கு மேல்
‘அம்மா!’ என்று கத்திவிட்டேன்.

இருட்டில் முன்னால் மூன்று பெண்கள்
ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.
கிட்டத்தட்ட அதே சொல்தான் அவர்களுக்கும்.
தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும்
இருவர் நடையைக் கட்டினார்கள்.
ஒருத்தி மட்டும் நின்று
கைபேசி வெளிச்சத்தை என் நெற்றிக்கு உயர்த்தி,
ரத்தம் இல்லை என்று
தலையசைத்துவிட்டுப் போனாள்.

கோயிலில் கூரை மாற்றுகிறார்கள்.
ஓடு ஒன்றுக்குப் பத்தாயிரம் வொன்,
வெள்ளை மையில் வேண்டுதல் எழுதித் தரலாம்.
எனக்கு முன் எழுதியவர்கள்
பையனின் தேர்வைக் கேட்டிருந்தார்கள்,
முழங்கால் நோவு தீரக் கேட்டிருந்தார்கள்,
தூபு என்ற நாய்க்கு நீண்ட ஆயுள்.
மேசையில் பின்னல் சட்டைக்காரர்,
மார்பில் பெயரட்டை: மேங் போங்சிக்.
‘முகவரியும் எழுதுங்கள்,’ என்றார்.
‘எந்தக் கதவைத் தட்டுவது என்று
அருளுக்குத் தெரிய வேண்டாமா?’

எந்தக் கதவு?
பிப்ரவரி இருபத்தெட்டோடு என் அட்டை முடிகிறது.
அதன்பின் நார்வேயாக இருக்கலாம்,
இன்னும் பதில் வரவில்லை.
கூரை வேய்வது அடுத்த வசந்தத்தில்தான் என்கிறார்.
604ஆம் அறையை இப்போதே
வேறொருத்திக்கு ஒதுக்கிவிட்டார்கள்.
உலான்பாத்தரிலிருந்து ஞாம்சுரென்.
நேற்றுக் கடிதம் எழுதியிருந்தாள்,
சோறு வடிக்கும் குக்கரை விட்டுப் போவீர்களா என்று.

பேனா சொட்டியது. ஓட்டின் ஓரத்தில்
பொட்டுப்போல ஒரு வெள்ளைத் துளி.
தெரு, கட்டடம், 604.
பெயர் எழுதும் இடத்தில் தமிழில்
‘இருப்பவருக்கு’ என்று எழுதினேன்.

போங்சிக் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
‘எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறதே,
கூரையிலிருந்து உருண்டுவிடாதா?’
எழுத்துப் பக்கம் உள்ளேதான் போகும் என்று
அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஐந்து நாற்பது பேருந்து முழுக்க
மிதிபட்ட ஜிங்கோப் பழத்தின் நாற்றம்.
யார் சப்பாத்தில் என்று யாரும் கேட்கவில்லை.
எல்லோர் சப்பாத்திலும்தான்.
வெள்ளரிக்காரி இரண்டு இருக்கை முன்னால்
வாய் திறந்து தூங்குகிறாள்.
என் சட்டைக் கையில் குகைச் சேறு
காய்ந்து வெளுத்து உதிர்கிறது.

சுரங்கப்பாதை முடிந்து சிக்னல் வந்ததும்
ஞாம்சுரெனுக்குப் பதில் எழுதினேன்:
குக்கர் இருக்கும்.
மூடி ஒருமுறையில் பூட்டாது,
இரண்டு தடவை அழுத்த வேண்டும்.