மிச்ச மூச்சு

மூச்சை வெட்டுவதுதான் எனக்கு வேலை.
பெர்கன் இசைக் கல்லூரி, அடித்தளம், ஜன்னலில்லா அறை.
இரண்டு சுரங்களுக்கு நடுவில் யாராவது
மனிதராக இருந்துவிட்டால்
சுத்தமாக எடுத்துவிடுவேன்.

சின்னோவெ வந்து கேட்டாள்:
"வெட்டினதை எங்கே போடுவாய்?"
ஓபோ வாசிப்பவள். முனைவர் ஆய்வு, மூன்றாம் ஆண்டு.
இரண்டு முறை திரும்பி வந்த அத்தியாயம்
நனைந்த பையில்.

"எங்களுக்கு மூச்சு முட்டுவது
காற்றுப் போதாமல் அல்ல.
சீவாளி இடுக்கில் நூலளவுதான் இறங்கும்.
மீதி நெஞ்சில் தேங்கிப் பழசாகும்.
புதிதை இழுக்குமுன் அதை விட்டாக வேண்டும்.
விடுவதற்கு எந்தத் தாளிலும் குறி இல்லை."

குப்பைக் கோப்புறையைத் திறந்து கொடுத்தேன்.
பதினோரு வருடம்.
ஒரு இருமல். ஒரு "சே".
யாரோ அழுகைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது.

வாய்மொழித் தேர்வன்று மழை;
இந்த ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம்.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த தேர்வாளர்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இதில் ஆய்வு எது, வாசிப்பு எது?"

வாய் திறந்தாள்.
முதலில் பழையது போனது,
நீளமாக, மேசை விளிம்பு வரை.
அவருடைய கை துடைப்பதை நிறுத்தியது.
பிறகுதான் இழுத்தாள்.
பிறகுதான் பதில்.

பட்டம் கிடைத்தது, சிறு திருத்தங்களோடு.
பதிவு செய்தது நான்தான்.
பதிலில் ஒரு வரிகூட நினைவில்லை.
பழக்கத்தில் என் விரல் அந்த இடத்தை
வெட்டக் குறித்து வைத்திருக்கிறது.
கோப்பு இன்னும் மூடவில்லை.