செப்பேன் காவல் நிலையம்

தட்டச்சு இயந்திரம் என் பொறுப்பு.
அதில் ஒரு எழுத்து மட்டும்
வரியை விட்டு எகிறி உட்காரும்.

செவ்வாய் இரவு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள்.
ஒருவன் நிசெஃபோரோ கெஸ்கேன்.
கரும்புக் காட்டுக்குப் பின்னால் மண்மேட்டைத் தோண்டியவன்,
நகக்கண் எல்லாம் மணல்.
இன்னொருவன் சாக்குக்குள் உமியில் புதைந்து வந்தான்.
கழுத்துவரைதான் இருந்தான்.

சார்ஜென்ட் யோந்தோப் சொல்லச் சொல்ல அடித்தேன்.
தலை, ஒன்று. சுடுமண். ஆண்.
வயது?
குனிந்து பார்த்தார். முப்பத்தைந்து போடு.
அடையாளம்?
மேலுதட்டில் இடப்பக்கம் வெட்டுத் தழும்பு.
தலைத்துணியில் இரண்டு பறவைகள்.
உச்சியில் வளைந்த குழாய், நீர் ஊற்ற.
தொழில்?
கேட்ட பிறகுதான் கவனித்தேன்,
பொருள்களுக்கான படிவம் இல்லை அது,
ஆட்களுக்கானது.
மாற்றவில்லை. மூன்று கார்பன் தாள் வீணாகும்.

வாங்குகிறவன் யார், கூட வந்தவன் யார்
என்று நள்ளிரவு தாண்டியும் கேட்டார்கள்.
கெஸ்கேன் வாய் திறக்கவில்லை.
மற்றவனை யாரும் கேட்கவில்லை.
கேட்டும் பயனில்லை.
அவனை வனைந்தவன்
உதடுகளை இறுக மூடிவிட்டு
வாயை மண்டைக்கு மேல் வைத்திருந்தான்.

மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
மெழுகுவர்த்தி. ஒரே பெஞ்சில் இருவர்.
நெடுஞ்சாலையில் கரும்பு லாரி போகும்போதெல்லாம்
பெஞ்சு அதிர்ந்து
தலை விளிம்புக்கு நகர்ந்துகொண்டே வந்தது.
விலங்கு போட்ட இரண்டு கைகளாலும்
அதை உள்ளே தள்ளி வைத்தான் கெஸ்கேன்,
பேருந்தில் தோளில் தூங்கி விழுகிறவனை
நிமிர்த்தி வைப்பதுபோல.

"இவன் பையனாக இருந்ததையும் எடுத்திருக்கிறேன்"
என்றான், என்னிடமா மெழுகுவர்த்தியிடமா தெரியவில்லை.
"அப்போது தழும்பு கிடையாது.
இன்னொன்றில் உடம்பு முழுக்க உண்டு,
துணிதான் இல்லை. கழுத்தில் கயிறு."

எங்கே அவை?

"பையனை விற்றேன். கூரைக்குத் தகரம் வாங்கினேன்.
கயிறு போட்டவனைத்
திரும்பவும் மூடிவிட்டேன்."

இயந்திரத்தின் மேல் விரல்கள் இருந்தன.
இருட்டு என்பதால் அடிக்கவில்லை
என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் துருஹீயோவிலிருந்து ஜீப் வந்தது.
கையுறை போட்ட ஒரு பெண்
தலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.
கெஸ்கேன் எழுந்து நின்றான்.
உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான்.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது:
தகவல் தெரிவிக்க வேண்டிய உறவினர்.
கெஸ்கேன் என்று அடித்தேன்.
ஒரு எழுத்து எகிறி உட்கார்ந்தது.

சார்ஜென்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.