ஏனென்றால்

அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்
இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
தவளைத் தொண்டையாய் உப்பியிருந்தது.
ஏன்?

"உள்ள காத்து சூடாயிடுச்சு" என்றான் லூர்துராஜ்.
மணி அடிக்கப்போகிற அவசரத்தில்
நானும் தலையாட்டிவிட்டேன்.
"ஏனென்றால், வெப்பத்தால்" என்று
பலகையில் எழுதியும் ஆயிற்று.

கடைசி பெஞ்சிலிருந்து குழந்தையம்மா:
"மேல ஏற ஏறக் குளுருதே மிஸ்."

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள்
காலி தண்ணீர் பாட்டிலொன்றை
ஏற்காட்டிலேயே இறுக மூடி
சேலத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.
திங்களன்று ஒரு தாள்:
"பழைய பஸ் ஸ்டாண்டு. மதியம் ரெண்டு மணி.
மண்டையைப் பிளக்குற வெயில்.
பாட்டில் ஒட்டிப்போச்சு.
சூடுதான் காரணம்னா உப்பியிருக்கணும்."

பாட்டிலைக் காட்டச் சொன்னான்.
மலையேறி வந்ததில் அது
ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்திருந்தது.
"பொய்" என்றான்.
"நீயே மூடு. நீயே எறக்கிப் பாரு."

நேற்று மாலை பஸ்ஸில்
பதினொரு காலி பாட்டில்கள் இறங்கின.
காலிக்கெல்லாம் டிக்கெட்டா என்று கண்டக்டர் சிரித்தாராம்.
எட்டாவது வளைவில் முதலில் 'டக்'கென்று ஒடுங்கியது
லூர்துராஜ் மடியிலிருந்தது.

காலையில் வகுப்புக்கு வந்தால்
"வெப்பத்தால்" அடித்திருக்கிறது.
அவன் கையெழுத்தில்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
"ஏனென்றால்" மட்டும்
அப்படியே.