பதின்மூன்று

கைநூலில் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று என்று போட்டிருக்கும்,
பாதரச அங்குலத்தில்.
அதை எழுதியவன்
தொழிற்சாலை கேம்ஷாஃப்ட்டை மனதில் வைத்து எழுதினான்.
தனேந்திரனின் சாகாவுக்குள் இப்போது சுற்றுவது வேறு,
இருநூற்று எழுபத்திரண்டு பாகை.
ஈப்போவில் யாரோ அரைத்துக் கொடுத்தது,
ஆயிரத்து நூறு வெள்ளி,
பாதி இன்னும் கடன்.

ஜெலுத்தோங்கில் இரவு பத்தரை.
கடல் பக்கமிருந்து குப்பைமேட்டு வாடை.
வேக்கம் மீட்டர் குழாயை மேனிஃபோல்டில் செருகினேன்.
முள் பத்தரைக்குப் போய்
நிற்காமல்
மழையில் நனைந்த நாய்க்குட்டியாக உதறிக்கொண்டே இருந்தது.

"எங்கேயோ காத்து இழுக்குதுக்கா.
எல்லாரும் அதான் சொல்றாங்க."
எல்லாரும் என்றால்
பாயான் லெப்பாஸில் அவனோடு ஷிப்ட் பார்க்கும் மூவர்,
டயர் கடை அஸ்மி,
அப்புறம் அவன் மாமனார்.
அவருக்கு லைசென்ஸே கிடையாது.

ஓட்டை இல்லைடா, என்றேன்.
புகை போகும் கதவு சாத்துவதற்குள்
காற்று வரும் கதவு திறந்துவிடுகிறது.
கொஞ்ச நேரம் இரண்டும் திறந்த வீடு.
அங்கே வெற்றிடம் எப்படித் தங்கும்?
ஆறாயிரம் சுற்றில் அது வரம்.
எண்ணூறில், சிவப்பு விளக்கில்,
அது இருமல்.
நீ காசு கொடுத்து வாங்கிய இருமல்.

அவன் சிரிக்கவில்லை.
"பிரேக்கு கல்லாட்டம் இருக்குக்கா.
துன் சார்டோன் இறக்கத்துல
ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன்.
கோமளா பக்கத்துல இருந்தா.
ஒன்னும் சொல்லல."
பிளாஸ்டிக் நாற்காலியில்
கோப்பி ஓ பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த கோமளா
இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினேன்.
முள் கொஞ்சம் ஏறியது.
கலவைத் திருகை கால் சுற்று உள்ளே,
கூடுதல். அரைக்கால் வெளியே.
சும்மா நிற்கும்போது ஆயிரத்து ஐம்பது சுற்று.
ஆயிரத்துக்குக் கீழே இறக்கினால்
செத்துப் போகிறது,
மேலே ஏற்றினால் பெட்ரோல் குடிக்கிறது.
பன்னிரண்டு.
உதறல் நிற்கவில்லை,
ஆனால் உதறலுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது.

ஓட்டை இல்லை என்று காட்டத்தான்
கிளீனர் டப்பாவை எடுத்தேன்.
கேஸ்கெட் ஓரமாக அடித்தேன். எஞ்சின் கண்டுகொள்ளவில்லை.
கார்புரேட்டர் அடியில். கண்டுகொள்ளவில்லை.
"பாத்தியா?" என்று திரும்பியபோது
கை தவறி
பிரேக் பூஸ்டர் குழாய் மேலும் கொஞ்சம் பட்டது.
எஞ்சின் விக்கியது.

கிளிப்பைத் தளர்த்தினேன்.
அதற்கடியில், கொசுவின் கால் நீளம், ஒரு வெடிப்பு.
தொழிற்சாலை கேம் இருந்தவரை
இருபது அங்குலத்தில் ஒன்று போனால் யாருக்குத் தெரியும்?
பத்தில் ஒன்று போனால் கால் அறியும்.
இல்லாத ஓட்டையைத் தேடி
இருக்கிற ஓட்டையில் வந்து நின்றேன்.
நான் சொன்னது சரி.
லைசென்ஸ் இல்லாத மாமனார் சொன்னதும் சரி.
எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய வீரா ஒன்றிலிருந்து நல்ல குழாய், எட்டு வெள்ளி.
முள் பதின்மூன்று.
அதற்கு மேல் இந்தக் கேம் தராது.
கேட்கவும் கூடாது.

எஞ்சினை அணைத்து
பெடலை நாலு முறை மிதித்துக் கல்லாக்கி
மிதித்தபடியே சாவியைத் திருப்பு என்றேன்.
தனேந்திரன் எழுந்தான்.
அதற்குள் கோமளா உள்ளே ஏறியிருந்தாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலால் மிதித்தாள்.
சாவி. உறுமல். உதறல்.

"எறங்குது," என்றாள்.

பிறகு அவன் பக்கம் திரும்பாமல்,
"அந்தப் பக்கம் ஏறு."

மீதிப் பணம் அடுத்த சம்பளத்தில்.
கைநூலில் பதினெட்டுக்குப் பக்கத்தில்
பென்சிலால் 13 எழுதி, வண்டி எண் எழுதி,
கடைக் கதவை இழுத்தேன்.

முனை விளக்கில் சிவப்பு.
தூரத்தில் சாகா குலுங்கிக்கொண்டு நின்றது.
மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன்
குனிந்து எட்டிப் பார்த்தான்.
ஒரு இருமல், ஒரு இடைவெளி, இரண்டு இருமல்.
பச்சை.
அவள் அவசரப்படவில்லை.
மூவாயிரம் தாண்டும் வரை
நானும் பூட்டைப் பூட்டவில்லை.